முடிச்சுக்குக் கீழே அரசாங்க உப்பு

கெலிஓயாவில், கம்பளைக்குப் போகும் ரோட்டுக்கும் மகாவலி ஆற்றுக்கும் நடுவே கிடந்த தாழ்வான நிலத்தில் ஹபீல் காய்கறி போட்டிருந்தார். வெள்ளம் வந்தால் முழுகும், வடிந்தால் வண்டலை விட்டுப்போகும் நிலம். அங்கே விளையும் போஞ்சிக்காய்க்குக் கண்டிச் சந்தையில் நல்ல பெயர். ஆறு பக்கத்திலேயே ஓடினாலும் வெயில் காலத்தில் அது செங்குத்தான கரைக்குக் கீழே வெகு ஆழத்துக்கு இறங்கிவிடும். தோட்டத்தின் நடுவிலிருந்த கிணற்றை நம்பித்தான் பயிர் நின்றது.

தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஒரு கிடங்கு இருந்தது. அது ஹபீலின் மனைவி றம்லத்தின் மூத்த சகோதரர் ஹாஷிமுடையது. கடைத்தெருவில் கருவாடும் உப்பும் விற்றுக்கொண்டிருந்த ஹாஷிம், மழைக்காலத்துக்கென்று கிடங்கு நிறைய உப்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் ஆறு பெருகித் தோட்டத்துக்குள் வந்தது. வடிந்த பிறகு ஹாஷிம் போய்க் கிடங்கைத் திறந்து பார்த்தார். சாக்குகள் அடுக்கினபடியே, சப்பையாகக் கிடந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

கள்ளன் வந்துவிட்டான் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். சாக்கை வாய்கட்டின மாதிரியே விட்டுவிட்டு உப்பை மட்டும் எடுத்துப்போன கள்ளனின் கெட்டித்தனத்தைப் பற்றிக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

வெயில் தொடங்கியதும் ஹபீலின் போஞ்சிக் கொடிகள் இலையோரம் கருகி வாடின. தண்ணீர் ஊற்ற ஊற்ற வாட்டம் கூடியது. அடுத்தது மிளகாய். அந்த நாட்களில் றம்லத்தின் தேத்தண்ணியும் ஒரு மாதிரி இருந்தது. மறதியாகச் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டோம் என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். மறுநாள் சீனியே போடாமல் ஊற்றிப் பார்த்தாள். அப்போதும் கரித்தது. கடைசியில் கிணற்றுத் தண்ணீரை அப்படியே கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, கடையிலிருந்த ஹாஷிம் நானாவுக்கு ஆளனுப்பினாள்.

ஹாஷிம் வந்து ஒரு வாய் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இது என்ட உப்பு," என்றார்.

"உப்புல என்ன ஒங்கட உப்பு, மத்தவன்ட உப்பு?" என்று கேட்டார் ஹபீல்.

"புத்தளத்து உப்பு மச்சான். கடைசியில கொஞ்சம் கசக்கும். குடிச்சிப் பாருங்க. கசக்கிதா இல்லயா?"

கசக்கத்தான் செய்தது. ஹாஷிமுக்குப் பெரிய ஆறுதல். களவு போகவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கடைக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து கிணற்றடியில் போட்டு உட்கார்ந்தார். பயிருக்குத் தண்ணீர் அள்ள வாளியோடு வந்த ஹபீலைத் தடுத்தார்.

"போஞ்சிக்கு என்ட உப்ப ஊத்தச் சொன்ன யாரு மச்சான்?"

"கிணறு என்ட கிணறு நானா."

"கிணறு ஒங்கட. சாமான் என்ட. நான் கிணத்த ஒண்டும் கேக்கல்லயே."

ஹபீலுக்கு அன்று வந்த கோபம் சொல்லி மாளாது. ஆனால் மனைவியின் மூத்தவர் மீது கை நீட்டவா முடியும்? சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸேறிக் கண்டிக்குப் போனார், பயிர்ச்செய்கை விஷயங்களைப் பார்க்கும் ஓர் அரசாங்கக் கந்தோருக்கு. அங்கிருந்த கிளாக்கர் அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஒங்க தோட்டத்துல இருந்து கடல் எவ்வளவு தூரம்?"

"தெரியா. நான் கடல் கண்டதில்ல."

"அப்ப அது உப்புத் தண்ணி இல்ல," என்றார் கிளாக்கர். "மலைநாட்டுல உப்புத் தண்ணி வராது. நீங்க போகலாம்."

அப்போது மூலையில் ஒரு கதிரை சரிந்து விழுந்தது. அதிலிருந்து எழுந்தவர் பொன்னுத்துரை. யாழ்ப்பாணத்துக்காரர், உவர் நிலத்தில் பயிர் செய்வதைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவர். அவரை எதற்காக மலைநாட்டுக்கு அனுப்பினார்கள் என்பது அந்தக் கந்தோரில் யாருக்கும் ஞாபகமில்லை. வந்த நாள் முதல் உவர்த் தண்ணீர் முறைப்பாடுகளுக்கென்று போட்ட மேசையில் அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. காய்ந்துபோன மையைக்கூடத் தண்ணீர் விட்டு இளக்கித்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதுவதற்கும் ஒன்றும் இருக்கவில்லை.

"நான் வாறன்," என்றார் அவர், தொப்பியைத் தேடிக்கொண்டே. "இப்பவே வாறன்."

கெலிஓயாவில் இறங்கி, றம்லத் கொடுத்த செம்பிலிருந்து ஒரு மிடறு குடித்ததும் பொன்னுத்துரை கண்ணை மூடிக்கொண்டார். வெகு நேரம் திறக்கவில்லை. ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஹபீல் அவருடைய முதுகைத் தடவினார்.

"ஓம்," என்றார் பொன்னுத்துரை மெதுவாக. "உவர்தான். எங்கட வீட்டுக் கிணறு மாதிரியே கிடக்கு. இன்னும் கொஞ்சம் தாங்கோ தங்கச்சி."

மூன்று செம்பு குடித்த பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, மேலே நிற்கும். உவர்த் தண்ணீர் பாரம் கூடியது, அடியில் கிடக்கும். ஹபீல் வாளியை அடிவரைக்கும் விட்டு வெடுக்கென்று இழுத்து இரண்டையும் கலக்கிவிட்டார். இனி அகலமான, ஆழமில்லாத தகர வாளியால் மேல் தண்ணீரை மட்டும் வழித்தெடுக்க வேண்டும். கயிற்றில் ஒரு முடிச்சு. அதற்குக் கீழே வாளி இறங்கக் கூடாது. பாத்தியின் உச்சியில் உப்புப் பூக்கும் என்பதால் சரிவில்தான் நட வேண்டும். மண் காயாமல் வைக்கோல் போட வேண்டும். ஆற்றுப் பக்கமாக வடிகாலுக்கு ஆழமாய் ஒரு கான் வெட்டிவிட்டால், மழை வரும்போது வயலில் தண்ணீரைத் தேக்கி உப்பைக் கரைத்து அதன் வழியே ஆற்றுக்கு விட்டுவிடலாம். போஞ்சி உப்புத் தாங்காது; அதுவரைக்கும் பீட்ரூட் போடலாம்.

ஹபீல் எல்லாவற்றையும் செய்தார். தானே கான் வெட்டினார். பீட்ரூட் முளைத்துத் தழைத்தது. பொன்னுத்துரை கிழமைதோறும் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு றம்லத்தின் கையால் தேத்தண்ணி குடித்தார். ஹபீல் குடும்பம் குடிக்க ஊர்க் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து வந்தது. பொன்னுத்துரைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர்.

ஆனால் மேல் தண்ணீரும் அடித்தண்ணீரும் சேராமல் இருக்க வேண்டுமென்றால் கிணறு அசையக் கூடாது. அதில் பொன்னுத்துரை கண்டிப்பாக இருந்தார். கிணற்றடியில் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. உரல் உலக்கை அண்டை வீட்டு ருக்கியாவிடம் போனது. ஆடு உறவுக்காரர் வீட்டுக்குப் போனது. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போது நிலம் அதிர்வதால், ரயில் வருவதற்கு முன்பே தண்ணீர் அள்ளி முடிக்க வேண்டும். போன பிறகு கிணறு அடங்குமட்டும் காத்திருக்க வேண்டும். கண்டியிலிருந்து ரயில் பிந்தி வந்த நாட்களில் பீட்ரூட் தாகத்தோடு நின்றது.

ஊரும் அதற்குப் பழகிவிட்டது. ஒழுங்கையால் போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் கலியாண ஊர்வலம் ஒன்று அந்த வழியே வாய் திறக்காமல் போனது. எதிரே வந்த சிலர் ஏதோ மையித்து அடக்கக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு தலை குனிந்து பின்னால் சேர்ந்து நடந்தார்கள். கலியாண வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்து, சாப்பிட்டு, வெளியே வந்த பிறகுதான் மாப்பிள்ளை யார் என்று விசாரித்தார்கள்.

மேல் தண்ணீர் ஹபீலுக்கு என்று ஆனதும் ஹாஷிமுக்கும் ஒரு வழி பிறந்தது. அடித்தண்ணீர் தன்னுடையது. வாய் குறுகிய குடத்தில் கல்லைக் கட்டி அசையாமல் இறக்கி, நிரம்பியதும் அசையாமல் தூக்கி, கிணற்றடியிலேயே அடுப்பு மூட்டிக் காய்ச்சத் தொடங்கினார். விறகு போதவில்லை. கிடங்கின் கதவை உடைத்து எரித்தார். உப்பில்லாத கிடங்குக்குக் கதவு எதற்கு? சட்டியின் அடியில் சாம்பல் நிறத்தில் உப்பு ஒட்டியது. அதைச் சுரண்டிச் சாக்கில் போட்டபோது அவருக்குக் கண் கலங்கியது.

அந்தப் புகையை ரயிலில் போன ஒருவர் பார்த்துவிட்டார். நடராஜா என்ற அவர் கண்டி டவுனில் பிறந்து வளர்ந்தவர். உத்தரவில்லாமல் யாரும் உப்புக் காய்ச்சுகிறார்களா என்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். மலைநாட்டில் அப்படி ஒருவரையும் அவர் அதுவரை பிடித்ததில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் தண்டவாளத்தோடே நடந்து வந்தார்.

அன்று பொன்னுத்துரையும் அங்கே இருந்தார். நடராஜா சட்டியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், கிணற்றைச் சற்றுத் தள்ளி நின்றே பார்த்தார்.

"தண்ணியக் காய்ச்சினா உப்பு வருது. அப்ப இது உப்பளம்," என்றார். "உப்பளத்துத் தண்ணிய பயிருக்கு ஊத்தக் கூடாது. கிணத்துக்கு சீல் வைக்கணும்."

"உப்பளமா?" ஹபீல் பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் போஞ்சி போட்ட மனுசன் ஐயா."

"கொஞ்சம் பொறுங்கோ," என்றார் பொன்னுத்துரை. சத்தம் போடக் கூடாது என்பதால் காதோரமாகச் சொன்னார். "மேல் தண்ணியிலை உப்பில்லை. அது பயிர்ச்செய்கை. எங்கட பகுதி. அடித்தண்ணி வேணுமெண்டா உங்கட பகுதி."

"மேல் எது, அடி எதுன்னு நான் எப்பிடிங்க பிரிக்கிறது?" நடராஜாவும் காதோரமாகவே கேட்டார்.

"கயித்திலை முடிச்சு இருக்கு."

இரண்டு உத்தியோகத்தர்களும் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டே பகல் முழுவதும் கிணற்றைச் சுற்றி மெல்ல நடந்தார்கள். முடிவில் முடிச்சுக்கு மேலே ஹபீலின் பயிர்ச்செய்கை, முடிச்சுக்குக் கீழே அரசாங்க உப்பு என்று தீர்மானமானது. முடிச்சின் மேல் நடராஜா அரக்கு வைத்தார். காவலுக்கு ஓர் ஆள் வேண்டும். கிணற்றடியில் ஏற்கனவே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறவர் ஒருவர்தான். வேறு கதிரை தேடத் தேவையில்லை. உப்புக் காய்ச்சிய குற்றத்துக்காக ஹாஷிமை எச்சரித்துவிட்டு, அதே வாயால் அவரையே காவலுக்கு நியமித்து, ஒரு காக்கித் தொப்பியும் கொடுத்துவிட்டு நடராஜா ரயிலேறிப் போனார்.

ஹாஷிம் அந்தத் தொப்பியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றே அடுப்பை இடித்தார்.

"இப்ப அந்த உப்பு யாருட நானா?" என்று றம்லத் கேட்டாள்.

"அரசாங்கத்திட."

"ஒங்கட எண்டல்ல சொன்னீங்க?"

"அத நான்தான் சொன்னன். ஆனா நான் சொன்னத்துக்காக விடேலுமா? வேலையில ஈக்கிற நேரம் என்ட பேச்ச நான் கேக்கக் கூடாது."

ஐப்பசியில் நல்ல மழை பிடித்தது. ஹபீல் வரப்புக் கட்டித் தண்ணீரைத் தேக்கினார், கானைத் திறந்துவிட்டார். மண்ணிலிருந்து உப்பு கழுவிக்கொண்டு ஆற்றுக்குப் போனது. கிணறும் கொஞ்சம் கொஞ்சமாக இனித்தது. ஹபீல் மழையில் நனைந்தபடியே வெறும் கையால் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தார். அடுத்த போகம் மறுபடியும் போஞ்சி என்று றம்லத்திடம் சொன்னார். அவள் விதையை எடுத்துச் சாம்பலிலிருந்து பிரிக்கத் தொடங்கினாள்.

நடராஜா சோதனைக்கு வந்தார். ஹாஷிமைக் கொண்டு முடிச்சுக்குக் கீழே ஒரு போத்தலை இறக்கி எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கொறையுதே," என்றார். "காவல் இருக்கும்போது அரசாங்க உப்பு கொறையுதுன்னா யாருங்க பொறுப்பு?"

ஹாஷிம் வெளுத்துப்போனார். மழையைக் கைகாட்டினார். மழை மேல் வழக்குப் போட முடியாது என்றார் நடராஜா, வருத்தத்தோடு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஹபீலுக்கு விளங்கவில்லை. மழை விடாமல் பெய்தது. கிணறு மறுபடியும் கரிக்கத் தொடங்கியது. முதலில் அடித்தண்ணீர், பிறகு மேல் தண்ணீரும். எந்த வெயிலிலும் வாடாத பீட்ரூட் இலைகள் மழையில் நின்றுகொண்டே கருகின. விதைக்குப் போட்ட கொஞ்சப் போஞ்சியும் முளைக்கவில்லை.

"இது எப்பிடி ஐயா?" என்று பொன்னுத்துரையைக் கேட்டார்.

"சிலவேளை அப்பிடியும் நடக்கும்," என்றார் பொன்னுத்துரை, கானைப் பார்த்துக்கொண்டு. வழக்கமாக அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லுகிற மனிதர் அதோடு நிறுத்திக்கொண்டார். தேத்தண்ணியை மட்டும் ருசித்துக் குடித்தார்.

ஹபீல் மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தார். நிலத்தை விட்டுவிட்டு அம்பிட்டியவில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரிடம் போய் நிற்கலாமா என்று யோசித்தார். வெள்ளத்துக்கு எத்தனையோ தரம் பயிரைக் கொடுத்திருக்கிறார். அப்போதெல்லாம் அடுத்த மாதமே மண்வெட்டியை எடுத்திருக்கிறார். இந்த முறை மண்வெட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். கோழிக்கூட்டின் பின்னால் முட்டை தேடிக்கொண்டிருந்த றம்லத், ஆற்றுப் பக்கத்து வேலியால் பொன்னுத்துரை குனிந்து நுழைவதைக் கண்டாள். அன்று அவர் வருகிற நாளல்ல. அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். அதே நேரத்தில் ரோட்டுப் பக்கமிருந்து ஹாஷிம் வந்தார். தொழுகைத் தொப்பியின் மேல் காக்கித் தொப்பி, தோளில் ஒரு சின்னச் சாக்கு. இருவரும் கிணற்றின் இரண்டு பக்கமும் வந்து நின்ற பிறகுதான் ஒருவரை ஒருவர் கண்டார்கள்.

பொன்னுத்துரை பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பள்ளிக்குப் போகேல்லையோ?" என்று கேட்டார் பொன்னுத்துரை.

"போற வழிதான்," என்றார் ஹாஷிம். "நீங்க?"

"சும்மா, தண்ணி பாக்க வந்தனான்."

ஹாஷிமின் சாக்கிலிருந்து ஓட்டை வழியே உப்பு சரசரவென்று கொட்டியது. பொன்னுத்துரை அதைப் பார்த்தார். பிறகு தன் பொட்டலத்தை மெல்லப் பிரித்துக் காட்டினார். அதிலும் உப்புதான்.

றம்லத் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பல மாதங்களாகக் கிணற்றடியில் யாரும் பேசாத சத்தத்தில் பேசினாள்.

"என்ட வீட்டுக்காரர் மூணு நாளா சோறு தின்னல்ல. அந்தப் பயிர நீங்க ரெண்டு பேரும் சேர்ந்தா கொன்னீங்க?"

ஹாஷிம் தலையைக் குனிந்தார். "கொறஞ்சா என்னய புடிச்சி உள்ள போடுவாங்க தங்கச்சி. அதான் கடையிலீந்து கொஞ்சம் கொஞ்சமா..."

"நீங்க ஐயா? படிச்ச ஆள்."

பொன்னுத்துரை தொப்பியைக் கழற்றினார். "இந்த ஊருக்கு வந்த நாள்முதல் தண்ணி தொண்டையிலை நிண்டதில்லை, தங்கச்சி. காத்தைக் குடிக்கிற மாதிரிக் கிடக்கும். உங்கட தேத்தண்ணி குடிச்ச பிறகுதான் சோறு பிடிச்சது. கிணறு இனிச்சா நான் திரும்பி அந்த மேசைக்குத்தான் போகவேணும்." நிறுத்தினார். "பயிர் கருகுமெண்டு எனக்குத் தெரியும். அதுதான் வெக்கம். ஒரு பிடிதானே போடுறன் எண்டு நினைச்சன். இவரும் போடுறார் எண்டு எனக்குத் தெரியாது."

"எனக்கும் தெரியா," என்றார் ஹாஷிம். "நான் போட்டது ரொம்ப நல்லா வேல செய்யிது எண்டுதான் நினைச்சன்."

றம்லத்துக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். வீட்டுக்குள் போய் ஒரு பெரிய ஊறுகாய்ச் சாடியைத் தூக்கிவந்தாள். கிணற்றின் அடித்தண்ணீரைக் கல் கட்டிய குடத்தால் மொண்டு சாடியை நிரப்பி மூடச் சொன்னாள். "அரசாங்க உப்பு இதுக்குள்ள ஈக்கட்டும். மழயும் படாது, கொறயவும் கொறயாது. காவல் காக்கிறவர் இத வெச்சிக் காக்கட்டும்."

நடராஜா அடுத்த முறை வந்தபோது சாடியைக் காட்டினார்கள். இது செல்லாது என்பார் என்று எல்லோரும் பயந்தார்கள். அவரோ சாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுமூச்சு விட்டார்.

"இத ஏங்க மொதல்லயே செய்யல? எனக்குக் கெணத்துக்குள்ள எட்டிப் பாத்தா தல சுத்தும்," என்றார். முடிச்சிலிருந்த அரக்கைச் சுரண்டியெடுத்துச் சாடியின் வாயில் ஒட்டினார். உப்பளம் இடம் மாறியதாக அறிவித்தார். ஹாஷிம் தொப்பியோடும் கதிரையோடும் கடைக்குப் போய், கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே சாடியைக் காத்துக்கொண்டு வியாபாரம் பார்த்தார். அன்றிலிருந்து அவர் கடையில் எடை குறைவு என்று யாரும் வாதாடுவதில்லை.

மிச்ச மழையில் கிணறு சுத்தமாகிவிட்டது. இந்த முறை பொன்னுத்துரை தானே முழங்கால் சேற்றில் நின்று கானை ஆழப்படுத்திக் கொடுத்தார். றம்லத் சொல்லி விஷயம் அறிந்த ஹபீல் அவரோடு சில நாள் பேசவில்லை. பிறகு மண்வெட்டியைக் கைமாற்றும்போது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை என்று பேச்சு வந்துவிட்டது. தை பிறந்தபோது போஞ்சிக் கொடிகள் கம்பில் ஏறியிருந்தன.

மலைநாட்டில் உப்பை ஒழித்த உத்தியோகத்தர் என்று பொன்னுத்துரைக்குப் பாராட்டு வந்தது. அதோடு மன்னார்ப் பக்கத்துக்கு இடமாற்றமும் வந்தது. ஹபீலும் றம்லத்தும் ஒரு கூடை போஞ்சிக்காயோடு ஸ்டேஷனுக்குப் போனார்கள்.

"ஒங்களுக்கு சந்தோசம்தானே ஐயா?" என்று கேட்டார் ஹபீல். "அங்க எல்லாக் கிணறும் கரிக்குமாமே."

"ஓம், கரிக்கும்," என்றார் பொன்னுத்துரை. கூடையை மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா அங்கை எல்லாருக்கும் உவரைப் பற்றித் தெரியும். என்னை ஒருத்தரும் தேட மாட்டினம்."

ரயில் புறப்பட்டது. பாலத்தைத் தாண்டுமட்டும் அவருடைய கை ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது.

ஹபீலும் றம்லத்தும் திரும்பி வந்தபோது, ஹாஷிம் தோட்டத்தின் மேல் ஓரத்தில் நான்கு மூலைக்கும் கம்பு நட்டு அளந்துகொண்டிருந்தார். சாடியை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

"புதுக் கிடங்கு மச்சான். இப்பதான் கான் ஈக்கிதே. வெள்ளம் வந்தாலும் உப்பு நேரா ஆத்துக்குப் போயிடும், ஒங்கட கிணத்துக்கு ஒண்டும் ஆகா."

ஹபீல் நான்கு கம்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்து மேட்டில் ஏறத் தொடங்கினார். ஹாஷிம் அளவுக் கயிற்றைச் சுருட்டியபடி பின்னால் போனார். அவ்வளவு உயரத்துக்கு மூட்டை சுமக்க யாரால் ஏலும் என்று அவர் கேட்டுக்கொண்டே போவது, பொழுது சாயும்வரை கீழே போஞ்சிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த றம்லத்துக்குக் கேட்டது.